பதினொன்றாவது மீட்டர்

தலைஞாயிற்றுக்குத் தெற்கே
அடப்பாறு கடலைப் பார்த்துத் தயங்கும் இடத்தில்
அறுவடை முடிந்த வயலில் குழாய் இறக்கினோம்.
முக்காலி, கப்பி, மூன்றங்குலக் குழாய்,
சம்மட்டிக்கு ரவணையா.
அவர் நாகை வட்டாரமெல்லாம் போர் போட்டவர்.
தண்ணீர் வேண்டாம், சேறு போதும் என்ற முதல் ஆள்
நான்தானாம்.

வரப்பில் குந்தியிருந்தாள் நிலத்துக்காரி தையல்நாயகி,
எவ்வளவு மண் எடுக்கிறோம் என்பதில் கண்ணாக.

முதல் மீட்டர் அவளுக்குத் தெரிந்ததுதான்:
வேர், நத்தை ஓடு, ஒரு பிளாஸ்டிக் பொத்தான்.
மூன்றாவதில் காவிரி.
ஏடு ஏடாகப் பழுப்பு வண்டல்,
ஏட்டுக்கு ஒரு வெள்ளம்.
விரலில் தேய்த்தால் காக்காப்பொன் மின்னியது,
குடகு மலையிலிருந்து நடந்தே வந்தது.

"இப்பல்லாம் வெறுந்தண்ணி டீச்சர்," என்றாள்.
"கைய வீசிக்கிட்டு வருது, அதுவும் வந்தா."
இதையேதான் நான் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன்,
அணைகளில் தங்கிய வண்டலின் கணக்கோடு,
இரண்டு வரைபடங்களோடு.

ஏழில் மணல். குழாய் இறங்க மறுத்தது.
ரவணையா பீடி பற்றவைத்து அதற்கு அவகாசம் கொடுத்தார்.

பதினொன்றில் முதலில் வந்தது நாற்றம்.
பிறகு கருஞ்சாம்பல் களி,
நடுவே வாய் திறக்காத ஒரு மட்டி.
ரவணையா கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார்.
"கரிக்குது."
நான் அப்போதுதான்
மீட்டர் பெட்டியின் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சல்லடையில் கழுவி, கைலென்ஸைத் தையல்நாயகியிடம் நீட்டினேன்.
"நத்தைக்குப் பொறந்த கசகசாவாட்டம் இருக்கு. பேரு?"
அம்மோனியா.
"உரமா?"
இல்லை. ஒற்றை அணு உயிர்.
உப்பும் ஆறும் கலக்கும் இடத்தில் வீடு கட்டும்.
செத்தபிறகு முகவரியை மட்டும் விட்டுப்போகும்.

"அப்ப இது யாரு வயலு?"

கடலுடையது, என்றேன்.
உலகின் உச்சியில் நாடு நாடாகக் கிடந்த பனி உருகி
கடல் உயர்ந்து இதுவரை வந்து நின்றது.

"பனியா? மார்கழியில பெய்யுமே, அதா?"

தமிழில் எனக்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது,
புல்நுனியில் இருப்பதற்கும் மலையை அரைப்பதற்கும்.
ஐஸ், என்று பெட்டியைக் காட்டினேன்.
களி கெடாமலிருக்க விடிகாலையில்
நாகப்பட்டினம் மீன்துறையில் வாங்கிய அரைப்பாளம்.
மத்தி நாற்றம். கட்டிக்குப் பாதி தண்ணீர்.
பெட்டியின் மூலை சொட்டி, வரப்பில் இறங்கி,
வெடிப்பு வெடிப்பாகத் தாழ்வைத் தேடிப் போனது.
அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டா இருக்கா அதுக்கு?"
ரவணையா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது ரசீது கேட்டாள்.
நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதினேன்:
தையல்நாயகி அவர்கள் வயலிலிருந்து
பெற்றுக்கொண்டது களிமண், எண்பத்தாறு சென்டிமீட்டர்.
மடித்து, சொசைட்டிக் கடன் தாள்களோடு வைத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து மட்டியின் வயது வந்தது.
ஏழாயிரத்து நூற்றுப் பத்து ஆண்டு,
முன்பின்னாக நாற்பது.
போனில் சொன்னேன்.
ஏழாயிரத்தை அவள் பொருட்படுத்தவில்லை.
"எனக்குக் கலியாணமாயி நாப்பது ஆவுது.
அது அவங்களுக்கு முன்னப்பின்னயா?"

பதில் தேடுவதற்குள் வேறு பேச்சு.
ரெகுலேட்டர் கதவு துருவேறி மூட வரவில்லை.
தை அமாவாசை ஏற்றத்தில்
தண்ணீர் ஆற்றில் மேற்கே போயிருக்கிறது.
கீழண்டைப் பாத்தியில் பயிர் நுனி கருகிவிட்டது.
போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை.

"நீ குடுத்த தாளுல மண்ணுன்னுதானே இருக்கு.
கடல்னு திருத்திக் குடு.
நாளைக்கு வந்து கேட்டுச்சுன்னா
எடுத்தது நீதான்னு காட்டணும்ல."

வரும் செவ்வாய்க்கிழமை போகிறேன்.
ரவணையாவிடம் குழாய் சொல்லியாயிற்று.
ஐஸுக்கு இந்தமுறை முழுப்பாளம்.
ரசீதில் அளவை எப்படி எழுதுவது என்றுதான்
இன்னும் தெரியவில்லை.