சுவெற்றர் அவிழ்க்கிறவள்

களுவாஞ்சிகுடிச் சந்தையில்
ஜௌபர் நானா பேல் பிரிக்கிறார்.
ஜீன்ஸுக்குப் பெடியன்கள் அடிபட
அடியில் கிடக்கும் கம்பளிகளைக்
காலால் எனக்கென்று ஒதுக்கிவிடுவார்.
ஒன்று இருநூறு. மூன்றெடுத்தால் ஐந்நூறு.
"இந்த வெயிலுக்கு இதப் போட்டா
வெந்துல்லவா போவீங்க புள்ள."
போடுறதுக்கில்ல நானா என்று
ஒரு வருசமாகச் சொல்லி
இப்போது சிரிப்பதோடு சரி.

நாலரைக்கு எழும்பினால்
புட்டு, சம்பல், டினோஜனின் ரியூசன் கொப்பி,
அவருடைய மில்லுக்குச் சாப்பாட்டுப் பெட்டி.
எட்டேகாலுக்கு பஸ். எட்டரைக்கு
பாமசியில் வெள்ளைக் கோட்டு.
நடுவில் நாற்பது நிமிசம் மிஞ்சும்.
அதுதான் என் நாள்.
மற்றதெல்லாம் அதற்குக் கட்டுகிற வாடகை.

முதலில் தோள்மூட்டைத் திருப்பிப் பார்க்கவேணும்.
வெட்டித் தைத்ததென்றால் நூல் துண்டு துண்டாய் வரும்,
அது தலையணைக்குள் போகட்டும்.
பின்னி மூட்டியதென்றால்
சரியான முடிச்சில் ஒரே ஒரு வெட்டு.
பிறகு இழுத்தால்
வரும், வரும், வந்துகொண்டேயிருக்கும்.
யாரோ ஒரு பனிக்காலம் முழுக்க இருந்து போட்ட கண்கள்
தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விடும்.

நூல் மட்டும் நிமிராது.
இன்னும் தான் ஒரு சட்டையென்றே நினைத்துச்
சுருண்டு கிடக்கும்.
கதிரை முதுகில் சுற்றி, வாளியில் அமிழ்த்தி,
தண்ணீர் நிரப்பிய சோடாப்போத்தலைக் கனத்துக்குக் கட்டிக்
கொடியில் தொங்கவிடுவேன்.
பின்னேரத்துக்குள் மறந்துவிடும்.
"ஆட்டுக்குடலா காயப்போட்டிருக்காய்?"
வேலிக்கு மேலால் பிறேமா அக்கா.

நான் போடுவது வாவி.
காலையில் கல்லாற்றுப் பாலத்தைக் கடக்கையில்
யன்னலால் தெரிகிற தண்ணீர் என்ன நிறமோ
அந்த நிறத்தில் மறுநாள் ஒரு வரி.
குரோசே ஊசி, மூன்றரை மில்லிமீற்றர்.
தை மாதத்துக்குச் சாம்பல் போதவில்லை,
ஆம்பிளைகளின் ஒபீஸ் சுவெற்றர் நாலு முடிந்தது.
முகத்துவாரம் வெட்டிய கிழமை
யாரோ ஒரு பிள்ளையின் மண்நிறத் தொப்பி.
ஒரு நாள் ரோசா. உண்மையாய்த்தான்.
பஸ்ஸில் வேறு யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கருநீலம் ஒன்றைத் தொடங்கினேன்.
தோளிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்த நூல்
முழங்கையில் நின்றது.
இழுத்தேன். இல்லை.
வெளிச்சத்தில் பிடித்தால்,
தீப்பெட்டியளவு ஒரு சதுரம்.
நீலத்துக்குப் பக்கத்து நீலத்தால்
மேலும் கீழும் மாறி மாறிப்
பாய் இழைத்தமாதிரி அடைத்த ஓட்டை.
பின்பக்கமும் முடிச்சில்லை.
பிய்ந்தால் எறிகிற நாடுகள் என்றல்லவா
நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிச்சக் கைத்துண்டை என் கைக்குள் விட்டுப் பார்த்தேன்.
என் முழங்கைக்கு நாலு விரல் மேலே
அந்த ஆளின் முழங்கை.
மேசையில் ஊன்றி ஊன்றித் தேய்ந்திருக்கும்.
கணக்குப் பார்க்கிறவனோ, கவலைப்படுகிறவனோ.
வியர்த்து ஊற்றியது.
கழற்ற மனமில்லாமல் ஏழரை மணிச் செய்தி முடியுமட்டும்
ஒற்றைக் கையோடு தேங்காய் திருவினேன்.

அன்றைக்கு பாலம் எப்போது வந்ததென்று தெரியாது.
இறங்கும்போதுதான் விளங்கியது,
தண்ணீரைப் பார்க்கவில்லை.
பாமசியில் ஒருவருக்குப் பனடோலோடு
நூறு ரூபாய் கூடக் கொடுத்தேன்.
நல்ல மனிசர், திருப்பித் தந்தார்.

செவ்வாய்க்கிழமை ஊசியும் கையுமாய் இருந்தேன்.
நேற்றைய நிறம் பெட்டியில் எதிலும் இல்லை.
ஊகித்துப் போடலாம், யார் கேட்கப்போகிறார்கள்?
பிறகு, சதுரத்தைச் சுற்றி
ஒரு விரற்கடை விட்டு வெட்டினேன்.
ஓரத்துக் கண்கள் ஓடாமல் ஒவ்வொன்றாய்க் கோத்துத்
திங்களின் வரியில்
தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் வைத்துப் பூட்டினேன்.
சரியாய் இருக்கவில்லை. இடது மூலை கொஞ்சம் தூக்குகிறது.

டினோஜன் சப்பாத்துப் போட்டபடி
"வாவிக்குள்ள இதென்னம்மா?"
"முழங்கை."
"ஆர்ட?"
பஸ் கோன் அடித்தது.
இன்றைக்கு யன்னல் பக்கம் இடம் கிடைக்கவேணும்.