இருநூற்றுப் பதினாறு ஓட்டம்

போன வாரம் வரை கையால்தான் ஓட்டினேன்.
கோப்பைத் திற. காற்றின் திசையைக் கொடு. வெயிலைக் கொடு.
இயக்கு.
பதினோரு நிமிடம் சுழலும் வட்டத்தைப் பார்.
வரைபடத்தைச் சேமி. மறுபடி திற.

கணக்குப் போட்டேன்: ஓடுபாதைக்கு இரண்டு முனை,
மூன்று வெயில், நான்கு வகை விமானம்,
ஒன்பது கால அட்டவணை
(அதில் ஒன்று, எதுவுமே பறக்காத நாள்).
இருநூற்றுப் பதினாறு.
யாராவது அழுத்தத்தான் வேண்டும் என்றால்
அது நானாக இருக்க வேண்டியதில்லை.

எண்பது வரியில் ஒரு நிரல் எழுதினேன்.
நான்கு நான்காய் அனுப்பும், முடிந்ததை எண்ணும்,
விழுந்ததை எழுப்பி இன்னொரு முறை ஓடச் சொல்லும்.
இரவு ஒன்பதரைக்கு எண்டர் தட்டினேன்.

காட்பாடி, இரண்டாம் மாடி, சித்திரை.
சுவர் இன்னும் பகலைக் கக்கிக்கொண்டிருந்தது.
வேலூர் வெயில் மென்பொருளுக்கும் தெரியும்:
நாற்பத்து மூன்று டிகிரி என்று கொடுத்தால்
காற்றுக்குக் கனம் குறையும், இறக்கைக்குப் பிடி குறையும்,
விமானம் சோம்பி ஏறும்,
அறுபது டெசிபல் கோடு
மேற்கே நானூறு மீட்டர் நாக்கை நீட்டி
ஒரு செங்கல் சூளையையும் இரண்டு தெருவையும்
நக்கிப் பார்க்கும்.
இந்த விமானங்களை இன்னும் யாரும் வாங்கக்கூட இல்லை.

யார்டில் சரக்கு வண்டிக்குப் பெட்டி மாட்டினார்கள்.
ஜன்னல் கம்பி அதிர்ந்தது.
மென்பொருளுக்கு அது கேட்காது,
வானத்துச் சத்தத்துக்கு மட்டுமே அதற்குக் காது.
இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும்.
நூற்றுப் பன்னிரண்டு முடிந்திருந்தது.
ஃபேன் நின்ற அறையில் எழுந்து உட்கார்ந்து
ஓடுகிறவர்களைப் பார்ப்பது போல் எண்களைப் பார்த்தேன்.
பதினெட்டாவது நிமிடம் வந்தது.

காலை ஏழரை. எல்லாம் பச்சை.
ஒன்றுகூட விழவில்லை என்பதுதான் உறுத்தியது.
நாற்பத்தொரு இடங்களில்
இருபத்தாறாம் இடம் மட்டும்: 79.06.
கிழக்கே ஏறினாலும் 79.06. மேற்கே இறங்கினாலும்.
சின்ன விமானம், பெரிய விமானம், மார்கழி, அக்னி நட்சத்திரம்.
எதுவுமே பறக்காத நாளிலும்
அங்கே எழுபத்தொன்பது டெசிபல்,
கடன் கொடுத்தவன் வாசலில் உட்கார்ந்த மாதிரி
அசையாமல்.

தப்ரேஸுக்குப் போன் போட்டேன்.
ஸ்கூட்டரில் மீட்டரோடு போய் இடங்களைக் குறித்தவன் அவன்.
"ரேஷன் கடை மேடம், ஏரிக்கு அந்தப் பக்கம்.
பூட்டி கீது. அதான் எழுதினேனே."

எழுதியிருந்தான்: ரேஷன் கடை, பூட்டியது.
அந்தக் காற்புள்ளியில் வரிசை ஒரு கட்டம் தள்ளிப்போய்
சத்தம் இருக்க வேண்டிய இடத்தில்
தீர்க்கரேகை வந்து குந்தியிருக்கிறது.
வேலூர் பூமியில் எங்கே இருக்கிறது என்பதையே
வேலூரின் இரைச்சல் என்று
இருநூற்றுப் பதினாறு முறை வாசித்திருக்கிறது என் நிரல்.

"பத்து நிமிஷம் நின்னேன் மேடம். நாப்பத்திநாலு காட்டிச்சு.
நாலு பேரு பையோட வந்தாங்க.
பிளேனைப் பத்தி ஒருத்தரும் கேக்கல.
பாமாயில் எப்போன்னாங்க."
என்ன சொன்னே?
"அது வேற டிபார்ட்மெண்ட்னேன்."

காற்புள்ளியை அழிக்கலாம். ஒரே விசை.
இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு
அதை அங்கேயே விட்டேன்.
பூட்டியது என்பதும் அந்த இடத்தின் பெயரோடு
இணைப்பில், தொண்ணூற்று நாலாம் பக்கத்தில், இருக்கட்டும்.

மறுபடி முழுதும் ஓட்டத் தேவையில்லை;
தொகுக்கும் பகுதி மட்டும், நாற்பது விநாடி.
ரேஷன் கடை: 57.2. வரம்புக்குள்.
எதுவுமே பறக்காத நாளில்: பூஜ்யம்.

தப்ரேஸின் மீட்டர் கேட்ட நாற்பத்திநாலை,
வெறும் பையை மடித்துக்கொண்டு திரும்பிய
நாலு ஜோடி செருப்பை,
போடுவதற்கு அதில் கட்டம் இல்லை.