லாட் எண்பத்தேழு

டயர்க் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
படியேறும்போதே ரப்பர் வாசம்.
எனக்குத் தெரிந்த வாசம் இல்லை, இது பட்டறையில் வெந்தது.
பகாவில் காசுக்கு மார்க் போடுகிறார்கள் என்று
கேள்விப்பட்ட நாளிலிருந்து
சட்டைப் பையில் கைவைத்தபடியே தூங்கினேன்.

கதவில் மணி. உள்ளே குளிர்.
செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை, நானாகக் கழற்றினேன்.

மிஸ் பெய் ஷான் காசைப் பார்ப்பதில்லை,
காசின் மேல் விழும் வெளிச்சத்தைப் பார்க்கிறாள்.
இரண்டு விரல் நுனி, விளிம்பு மட்டும்,
கொதிக்கும் சட்டியிலிருந்து அப்பம் எடுப்பதுபோல.
சாய்க்கிறாள். நிமிர்த்துகிறாள். மறுபடி சாய்க்கிறாள்.

என் சதுரக் காசு. ஒரு சென்.
நாலு மூலையும் மழுங்கல், பிறவியிலேயே.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
தாடிக்கார ராஜா யாரையும் பார்க்காமல் பார்க்கிறார்.
பழைய இரும்புக்கடை லிம் கியான் ஹோக்
ஆறு வெள்ளி சொல்லி ஐந்துக்குக் கொடுத்தான்.

"அறுபத்துநாலு வந்திருக்கும், அங்கிள்."
எழுபதுக்கு அறுபத்துநாலு!
"வந்திருக்கும் என்றால்?"
திரையை என் பக்கம் திருப்பினாள்.

ராஜாவின் கன்னம் ஒரு வயல் அளவுக்கு விரிந்திருந்தது.
காதிலிருந்து தாடிவரைக்கும்
உழுதுபோட்ட மாதிரி வளைவளைவாய்க் கோடுகள்.
யாரோ ஒருவரின் பெருவிரல்.
வியர்வை இவ்வளவு ஆழம் தின்னாது, ஏதோ அசிட், என்றாள்.
துடைத்தால் போகாது.
முட்டாள், என்றும் சொன்னாள், மெதுவாக, அந்த யாரோவை.

முட்டாள்தான், என்றேன்.
இரும்புக்கடைக்காரன் வேலையாயிருக்கும்.
செத்தவன்மேல் போடுவது எவ்வளவு லேசு.

அப்புறம்தான் கண்ணில் பட்டது,
கோடுகளைக் குறுக்கே அறுத்துப்போன ஒரு வழி.
பால்கத்தி வெட்டு, மூன்று தையல்.
வலம் இடமாக விழுந்திருந்ததால் உடனே பிடிபடவில்லை.
மேசைக்கடியில்
என் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

அன்றைக்குச் சம்பள நாள்.
பால் கொட்டகைத் தொட்டியில் சூக்கா ஊற்றிய கை,
கழுவியும் கழுவாமலும்
சைக்கிளை மிதித்துப் போய் வாங்கினேன்.
கடைவாசலிலேயே அழுத்திப் பார்த்தேன்,
நிஜமாகவே எனக்குத்தானா என்று.
இருபத்துமூன்று வயசு.

எண் கிடையாது என்றாள்.
பிளாஸ்டிக் பெட்டி, சீல், உள்ளே ஒரு வரிச் சீட்டு:
விரல் சேதம்.

விற்பவர் பதிவுக்கு வெளி முகப்பு.
மைகார்டைச் செருகிவிட்டு
பெருவிரலை வைக்கச் சொன்னான் கவின்ராஜ்.
சிவப்பு.
சட்டையில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
மற்றக் கை. ஈரத்தாள். ஊதி, தேய்த்து. சிவப்பு.
"ரேகை தேஞ்சிடுச்சு அங்கிள்,
பேங்க்லயும் இப்படித்தானே சொல்வாங்க?"
சொல்வார்கள்.
அவன் முதுகுக்குப் பின்னால், கண்ணாடி அலமாரியில்,
அது இருந்தது, ஒரு கோடு குறையாமல்.
அதை எடுத்து வைத்துப் பாரு தம்பி என்று
நாக்கு நுனிவரை வந்தது.
பாரம் நீட்டினான். மாயழகு என்று எழுதினேன்.
கை கொஞ்சம் ஆடியது.

ஞாயிறு ஏலம்.
செம்பனைக் குலை லாரி ஒன்று கீழே கியர் மாற்றும்போது
ஏலக்காரர் குரலை நிறுத்திக் காத்திருந்தார்.
எண்பத்தேழு. நூற்றைம்பதில் தொடக்கம்.
சிகாமட்காரர் ஒருவர், சட்டைக் காலரில் கண்ணாடி மாட்டியவர்,
நூற்றெழுபதுக்குக் கை தூக்கினார்.
மற்றவர்கள் அடுத்த பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.
சுத்தியல்.
கமிஷன் போக நூற்று நாற்பத்துநாலு வெள்ளி, ஐம்பது காசு.

கீழே ஒட்டுக்கடையில் மீ கோரெங் சொன்னேன்,
முட்டை ரெண்டாய்ப் போடச் சொல்லி.
அவரும் வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்.
பெட்டியை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார்.
பிளாஸ்டிக்கின் மேல், ராஜாவின் கன்னத்துக்கு நேராக,
தன் பெருவிரலை வைத்தார்,
அளவு பார்ப்பதுபோல.

பெரிய விரல்.
முழுக்க மூடிவிட்டது.