சாய்கோடு

தைசெங், ஐந்தாம் மாடி. இரவு ஒன்பதே கால்.
குளிரூட்டியை ஆறரைக்கே நிறுத்திவிடுவார்கள்.
வேர்க்க வேர்க்கப் பதிவேட்டை வாசிக்கிறேன்.
மின்தூக்கிப் பராமரிப்பு, மாலை வகுப்பு,
இன்று நள்ளிரவோடு விண்ணப்பம் முடிகிறது.

7:02
திருமேனி எஸ்/ஓ வையாபுரி.
*பெயர் செல்லாது.*

7:09
சாய்கோட்டை எடுத்துவிட்டு வருகிறார்.
*அடையாள அட்டையில் உள்ளபடி எழுதவும்.*

7:15
அட்டையில் உள்ளபடியே எழுதுகிறார்.
*பெயர் செல்லாது.*

ஒவ்வொரு முறைக்கும் இடையே ஆறேழு நிமிடம்.
தயக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
இல்லை.
ஒரு கட்டத்தில் பிழை என்றால்
இருபத்திரண்டு கட்டங்களையும் துடைத்துவிட்டு
வெள்ளையாய்ச் சிரிக்கும் என் படிவம்.
புளோக் எண், அஞ்சல் குறியீடு, பழைய முதலாளி,
பள்ளியை விட்ட வருடம்,
எல்லாவற்றையும் மனிதர் மறுபடி மறுபடி
தட்டியிருக்கிறார்.

7:22, சாய்கோட்டுக்குப் பதில் ஒரு புள்ளி.
7:28, ஒரு சிறுகோடு.
7:34, அப்பாவை அடியோடு விட்டுவிட்டு
திருமேனி மட்டும்.
*குறைந்தது இரண்டு சொற்கள் தேவை.*

7:40
திருமேனி திருமேனி.

அதற்கப்புறம் அவர் இல்லை.

அந்த விதியை எழுதியவள் நான்தான்.
மார்ச் மாதம், ஒரு மதியம்,
கோப்பி ஓ ஆறுவதற்குள்.
எழுத்து வரலாம், இடைவெளி வரலாம், வேறெதுவும் கூடாது.
அலுவலகத்தில் இருந்த பெயர்களைப் போட்டுச் சோதித்தோம்.
லிம், கோ, தியோ, சுவா,
வரிசையாய்ப் பச்சை விளக்கு.
என் பெயரைப் போடவில்லை.

கைப்பையில் கிடக்கும் என் அட்டையிலும்
டி, சாய்கோடு, ஓ.
வங்கியில் நான் ஒட்டி அச்சானவள்,
விமானச் சீட்டில் அப்பாவோடு முட்டிக்கொண்டு நிற்பவள்.
ஒருநாளும் கோபித்ததில்லை.
பழகியதை விதியாக்கி
அடுத்தவர் தலையில் கட்டியிருக்கிறேன்.

திருத்தம் சின்னது, ஓர் எழுத்து.
ஹுவீ மின் வீட்டிலிருந்து கேட்கிறாள்:
"இதுக்கா இவ்வளவு நேரம்?"
ஆமாம் என்று மட்டும் தட்டுகிறேன்.
பிறகு, கேட்காமலே, இன்னும் இரண்டு:
பிழை வந்தாலும் எழுதியது எழுதியபடி இருக்கும்.
*பெயர் செல்லாது* என்பதை அழித்துவிட்டு
*எங்களால் இதைப் படிக்க முடியவில்லை.*
யாருடைய பெயரும் செல்லாததில்லையே.

10:52. பச்சை.
இப்போது அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்,
இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று.
தொலைபேசி எண்ணைத் தேடுகிறேன்.
பதிவேட்டில் பெயர் மட்டும்தான்.
ஏழு முறை எண்ணைத் தந்திருக்கிறார்,
ஏழு முறையும் துடைத்திருக்கிறேன்.

விளக்கை அணைத்துவிட்டு இறங்குகிறேன்.
மூன்றாம் மாடியில்
மின்தூக்கி ஒருமுறை குலுங்கி
நின்று
என்னவோ யோசித்து
மறுபடி இறங்குகிறது.