நாற்பத்தோராவது மரம்

ஊத்தான் மெலிந்தாங் தாண்டி
செம்பனை லோரிகள் குதறிப்போட்ட சாலையில்
இரண்டு முறை வழி தவறி
பத்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.
தகரக் கூரை. பச்சைச் சாயம்.
சுவரில் 1938 என்று எழுதியிருந்ததில்
எட்டை மட்டும் யாரோ
புதிதாய்ப் பூசியிருந்தார்கள்.

"ஆம்பளைங்களுக்கு அந்தப் பக்கம்" என்றாள்
கல்லாவில் இருந்த மரகதவல்லி.
இவர் குடிப்பதில்லை, எனக்குத்தான் என்றேன்.
என்னைப் பார்த்தாள்.
பிறகு ஈரத்துணி எடுத்து
பெஞ்சைத் துடைத்தாள்.

கோலாலம்பூர் ஓட்டல் ஒன்றில் காசு கட்டி
திராட்சை மதுவைச் சுழற்றவும் முகரவும்
நாக்கில் நிறுத்திக்கொண்டு பேசவும் படித்தவள் நான்.
பிளாஸ்டிக் குவளையையும் சுழற்றினேன்.
நுரையில் ஓர் எறும்பு
கரையேறப் பார்த்தது.

"என்ன தேடுறீங்க?"
வாசனையை.
"விடியகாலம் எறக்குனா பால் மாதிரி இருக்கும்.
பத்து மணிக்குப் பேச்சு வரும்.
மூணு மணிக்கு மேல
யாரு அண்ணன் யாரு தம்பின்னு
கள்ளுக்கே தெரியாது."
சிரிக்காமல் சொன்னாள்.
சட்டமிட்ட லைசென்ஸில் நான்கு பெயர்கள்,
கூடப்பிறந்தவர்கள்.
ஒருவரோடொருவர் பேசுவது இரண்டு பேர்.

பின்புறம் மரங்கள்.
வெள்ளைச் சாயத்தில் எண்கள், ஒன்றிலிருந்து.
லொம்போக்கிலிருந்து வந்த ஹம்சா
பதினேழில் ஏறிக்கொண்டிருந்தான்.
அவனும் குடிப்பதில்லை.
கட்டி வைத்த பாளையைத் தட்டித் தட்டி
வெற்றிலைக் கனத்துக்கு ஒரு சீவல்.
அது மெல்லச் சுற்றிச் சுற்றி
என் செருப்பருகே விழுந்தது.

"எங்கப்பாவும் இதுங்களும் ஒரே வயசு.
அவரு போய்ச் சேர்ந்துட்டாரு."
அண்ணாந்து பார்த்தேன்.
எண்பது சொச்சம் வருடம்.
ஒரு குரும்பை இல்லை.
விரியும் முன்பே கட்டி
பூவிலேயே நிறுத்திவைத்த மரங்கள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பின்னால் நின்றவர் ஏனோ
என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.
பதினோரு வருடத்தில்
நாங்கள் பேசாத பேச்சு ஒன்று உண்டு;
அது இப்படித்தான்
பை மாற்றும், குடை பிடிக்கும், கதவு திறக்கும்.

வேலியோரம் எண் இல்லாத ஒரு மரம்.
கழுத்து கொள்ளாமல் காய்.
இது மட்டும் எப்படி என்றேன்.
"லைசென்ஸ்ல நாப்பது மரந்தான்.
இது கணக்குல வராது.
அதான் காய்க்குது" என்றாள்,
மழை பெய்தால் நனையும் என்பதுபோல.

இரண்டு காய், ஒரு போத்தல்.
குடித்த குவளைக்குக் காசு வாங்கவில்லை.
"மூடியை இறுக்காதீங்க, வெடிச்சிரும்."

சபாக் பெர்ணம் வரைக்கும்
கால்களுக்கு நடுவே அது சீறிக்கொண்டே வந்தது.
பின் சீட்டில் காய்கள்
வளைவுக்கு வளைவு உருண்டன.
பாலம் தாண்டியதும்
ஓரமாய் நிறுத்தி
என்ஜினை அணைத்தார்.

"பேச்சு எத்தனை மணிக்கு வரும்னாங்க?"

பத்துக்கு.

மணி ஒன்றே முக்கால்.
இன்னும் மூன்றாகவில்லை.