நாள்காட்டித் தாளில் மூன்று பொட்டலம்

ஒச்சம்மா மேசைமேல் வைத்தது மூன்று பொட்டலம்.
மூன்றும் தினசரித் தாள்:
சிவப்பில் அஞ்சாம் தேதி ஞாயிறு,
பதினாலு செவ்வாய்,
நேற்றுக் கிழித்த இருபத்தாறு.
"மூணும் மூணு தினுசுப் பூச்சி சார்.
ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு வருது.
மூணு பாட்டில் அடிச்சாச்சு."

உசிலம்பட்டிக் கால்நடை மருந்தகத்தில்
காற்றாடியை நிறுத்திவிட்டுத்தான்
முதல் தாளைப் பிரிக்க வேண்டும்.
மறந்துவிட்டேன்.
பறந்தது போக மிஞ்சிய தூசுக்கு
லென்ஸை இறக்கியதும் கால் முளைத்தது.
ஒன்று, இரண்டு, மூன்று.
அந்தப் பக்கமும் மூன்று.

செவ்வாயில் எள்ளளவு.
செத்திருந்தது; கால் எட்டு.
முதல் இரத்தம் குடித்துத் தோலுரித்தால்
ஒரு ஜோடி கூடக் கிடைக்கும்.
மல்லாத்திப் பார்த்தேன்:
முட்டையிடும் வாசல் இன்னும் திறக்கவில்லை.

மூன்றாவது தாளே நனைந்திருந்தது.
சாம்பல் பூத்த கொட்டமுத்து ஒன்று.
கால்களை உடம்பே மூடியிருந்தது.
அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு தட்டையாய் ஒரு துணுக்கு.
"குட்டி" என்றாள்.
புருஷன் என்றேன்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆணுக்கு முதுகு முழுக்கத் தகடு.
பெண்ணுக்குத் தலையடியில் மட்டும் கொஞ்சம்;
மிச்சத் தோல்
ஊதுவதற்கென்று விட்டுவைத்தது.

நான் சொல்லி முடிக்கவில்லை.
அவள் தாள்களை வரிசையாக அடுக்கிவிட்டு
தேதிகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.
அஞ்சு. பதினாலு. இருபத்தாறு.
"அப்ப இதுதான் அதுவா?
என் மாட்டுமேலயே பொறுமையா வளந்துச்சா?"
ஆமாம்.
"எறங்கவே எறங்காதா?"
முட்டையிட இறங்கும். சுவர் விரிசலுக்கு. ஆயிரக்கணக்கில்.
"மருந்துக் கடைக்காரன் மூணு பேர் சொன்னான் சார்.
நானூத்தி இருவது ரூவா."
கொஞ்ச நேரம் எங்கள் சுவரைப் பார்த்தாள்,
காரை பெயர்ந்த மூலையை.
பிறகு மருந்து வாங்காமலே போனாள்,
சிமெண்டு மூட்டை என்ன விலை என்று
வாசலில் யாரையோ கேட்டபடி.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்.
உண்ணி: உண்டு / இல்லை.
உண்டு என்று எழுதினேன்.

சாயங்காலம் மதுரை பஸ்ஸில், கருமாத்தூர் தாண்டி,
கணுக்காலில் ஒரு தூசு நடந்தது.
போன் வெளிச்சத்தில் குனிந்தேன்.
காசு விழுந்துவிட்டதென்று நினைத்துப்
பக்கத்து சீட்டுக்காரர் காலை நகர்த்தினார்.
கண்ணுக்கு எட்டவில்லை.
ஆனாலும் ஆறுதான் என்று தோன்றியது.
பெயர் உண்ணி.
இதுவரை ஒன்றும் உண்டதில்லை.