சயான் ஸ்டேஷனில் பயம் கேட்டவர்கள்

பயமா ஒரு புத்தகம் சொல்லுங்க என்பார்கள்.
நான் முதலில் வீட்டை விசாரிப்பேன்.

பாத்ரூம் சுவிட்ச் உள்ளேயா, வெளியேயா?
வெளியே என்றால் உங்களுக்கு ‘நனைந்த துண்டு’ போதும்.
நூற்றிப்பத்துப் பக்கம். ஆவி என்ற சொல்லே கிடையாது.
காலையில் இருபது நிமிடம் மட்டும் தண்ணீர் வருகிற வீட்டில்
ராத்திரி இரண்டரைக்கு யாரோ குளிக்கிறார்கள்.
அவ்வளவுதான் கதை.

ரத்தம் கொட்டுகிறதும் ஒன்று வைத்திருக்கிறேன்.
எட்டாம் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும்,
மீதிப் பக்கமெல்லாம் துடைக்கிற வேலை.
யாருக்கும் தருவதில்லை.

இன்சூரன்ஸ் ஆபீஸ் மருதவல்லிக்கு
செத்தவர் மாதாமாதம் கையெழுத்துப் போடும் நாவலைக் கொடுத்தேன்.
‘எங்க செக்‌ஷன்ல இது தினம் நடக்குது’
என்று திருப்பித் தந்தாள்.

இசக்கியம்மாளிடம்தான் தோற்றேன்.
ஒன்பது பன்னிரண்டு ஸ்லோ, பெண்கள் பெட்டி,
ஜன்னலோரம் கிடைக்காத மூன்று வருடம்,
பதினேழு புத்தகம்.
இசக்கி என்று பேர் வைத்துக்கொண்டு பயம் கேட்டால்
எங்கே போவது?
எல்லாவற்றையும் படித்துவிட்டுச் சிரித்தாள்.
‘தாராவியில பத்துக்குப் பத்து, ஆறு பேரு.
பேய் வந்தா எங்கக்கா நிக்கும்?
இங்க மாமனார் காலு, அங்க தையல் மிஷினு, சிலிண்டரு.
ஏணியில நின்னாலும்
செகண்ட் ஷிப்டு முடிச்சு வர்ற கொழுந்தன்
கொஞ்சம் தள்ளும்மானு சொல்லிட்டு ஏறிருவான்.’

போன மழைக்குப் பிறகு
சாலை இடித்து அவர்களுக்குப் பதினெட்டாவது மாடி கொடுத்தார்கள்.
இரண்டு அறை. சாத்தினால் சத்தமில்லாமல் சாத்திக்கொள்கிற கதவு.
நீள வராந்தா,
ஆள் நடந்தால் தானே எரியும் விளக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை
‘நனைந்த துண்டு’ மறுபடி வேண்டும் என்றாள்.
பரேல் வரை பிரிக்கவில்லை, மடியிலேயே இருந்தது.
‘ராத்திரி அந்த லைட்டு எரியுதுக்கா.
கதவு ஓட்டையில பாத்தா ஆளில்ல.’
பூனையா இருக்கும் என்றேன்.
‘லிப்டுல ஏறி வருமா பூனை?’

பைகுலாவில் இறங்கும்போது சொன்னாள்:
‘இன்னைக்கு வராந்தாவுல நின்னு
இதை உரக்கப் படிக்கப் போறேன்.
அதுக்கும் கொஞ்சம் பயம் தெரியட்டும்.’

வியாழன் திரும்பி வந்தது புத்தகம்.
கூடவே அவள், தூங்காத கண்ணோடு,
ஆனால் பவுடர் போட்டு, பூ வைத்து.
நாற்பத்திரண்டாம் பக்கம் ஓரம் மடிந்திருந்தது.

இசக்கி பக்கம் மடிக்க மாட்டாள்.
காலாவதியான ரயில் பாஸை வைப்பாள்.
அந்தப் பாஸ் அறுபதாம் பக்கத்தில் இருந்தது.

‘வேற ஒண்ணு இருக்கா அக்கா?’

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
பைக்குள் துழாவி
அந்த ரத்தம் கொட்டுகிறதை எடுத்துக் கொடுத்தேன்.
புது வாசகர்.
ருசி போகப் போகத்தானே தெரியும்.